சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று வாயால் சொன்னாலும், கொட்டகலைக் கடைத்தெருவில் எங்கள் சபைக் கமிட்டிக்காரர் ஒருவரைக் கண்டால் போதும், அடிவயிற்றிலிருந்து ஏறிக்கொண்டு வருகிறது. அவர் சிரித்த முகத்தோடு சுகம் விசாரிப்பார். சுகத்துக்கு என்ன குறைச்சல் என்று சொல்லிவிட்டு, காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டுவேன். நின்று பேசினால் என் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் வேடிக்கை பார்க்கும்.

விஷயம் என் தம்பியைப் பற்றியது. கூடப்பிறந்தவன் இல்லை, சித்தி மகன். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா டீச்சர். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சித்தி கொண்டுவந்து என் கையில் கொடுத்த பிள்ளை அவன். தனியாகத் தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவான். பக்கத்துத் தொட்டிலில் இன்னொரு பிள்ளை கிடந்தால் வாயை மூடிக்கொள்வான். அந்தப் பக்கத்துத் தொட்டில்காரன் மேல் லயத்துப் பையன். லயம் என்றால் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர்கள் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், எங்கள் வீட்டில் இயேசு சாமி. அதனால் என்ன, இரண்டும் ஒன்றாகவே தவழ்ந்தன, ஒன்றாகவே பள்ளிக்கூடம் போயின, ஒன்றாகவே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கேலி பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டன.

எங்கள் கோயில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். தோட்டத்து உச்சியில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அதன் பக்கத்திலேயே, போதகருக்கு உதவியாக ஓர் உபதேசியார் குடும்பத்தோடு இருந்தார். பிரசங்கம் பண்ணத் தெரியாத மனிதர். ஆனால் எந்தப் பையன் எந்தச் சந்தில் நிற்கிறான் என்று தெரியும். சாவு வீடோ சடங்கு வீடோ, எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்று பார்க்காமல் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. வீட்டைப் பூட்டி, விறகு அடுக்கிவிட்டார்கள். போதகர் ஐயா அட்டனில் இருக்கிறார். அவருக்குப் பல தோட்டங்கள், ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவரிடம் போனும் இருக்கிறது.

தம்பி ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுப்பான். கிட்டார் வாசிப்பான், குரலும் நல்ல குரல். இது போதாதா? ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா அவனை முன்னால் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபித்து, இவர்தான் இனி நம்முடைய வாலிபர் தலைவர் என்று அறிவித்தார். கோயில் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்தார். வாலிபர் கூட்டம், மற்ற ஞாயிறுகளின் ஆராதனை, வீடு சந்திப்பு, கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் எல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்கு வயது இருபத்திரண்டு. சபை கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமிட்டிப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தேன். நிறைந்த கொழுந்துக் கூடையைத் தராசில் இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்துகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சித்தி பெருமையில் அழுதாள். நான் அழவில்லை. பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் என்னை வேலையை விட்டே தூக்குவார்கள். இங்கே அதையே செய்துவிட்டுக் கைதட்டுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு அவனைக் கொழும்பில் ஏதோ தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவன் சில நாளில் வேறு ஆளாகத் திரும்பி வந்தான். தலைவன் எல்லோரோடும் நெருங்கிப் பழகக் கூடாதாம், பழகினால் மரியாதை போய்விடுமாம். வந்த வாரமே வாலிபர் கூட்டத்தில் புதுச் சட்டம் போட்டான். அவனை இனி யாரும் மச்சான் என்றோ டேய் என்றோ கூப்பிடக் கூடாது, பிரதர் என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாள் பையன்கள் சிரித்தார்கள். ஐயா அதை ஆமோதித்துப் பேசியதும் சிரிப்பு நின்றது. லயத்துப் பெரியவர்களே அவனை 'வாங்க பிரதர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் சித்தியும் அவனை வாங்க போங்க என்று பேசத் தொடங்கினாள். அம்மாக்காரி மகனை அப்படிப் பேசுவதைக் கேட்க எனக்குக் கூசியது. நான் மட்டும் விடவில்லை. நடுக் கோயிலில் நின்று "வாடா இங்க" என்றுதான் கூப்பிட்டேன். அவன் முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்று விட்டேன்.

மைதானத்தில் சாயந்தரம் வாலிபால் அடிப்பார்கள். அதை விட்டான். பாலத்துக் கட்டைக்குப் போவதை விட்டான். மேல் லயத்துப் பையன்தான் வருஷா வருஷம் கேரலுக்கு டிரம் அடிப்பான். வெளி ஆட்கள் வேண்டாம் என்று அவனையும் நிறுத்தினான். வாட்ஸ்அப்பில் வாலிபர் குரூப் ஒன்று தொடங்கினான். அதில் அவன் மட்டும்தான் எழுத முடியும், மற்றவர்கள் படிக்கலாம், பதில் போட முடியாதபடி அமைத்திருந்தான். காலையில் ஒரு வசனம், மாலையில் ஒரு கட்டளை. அந்தக் குரூப்பில் எழுத முடிந்த இன்னொருவர் போதகர் ஐயா. அவர் எழுதவே மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் போடுவார். அதுதான் அவர் செய்த மேற்பார்வை.

நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கமிட்டியில் பெரியவர் ஒருவரை வழியில் மறித்துச் சொன்னேன். பையன் தனியாகிப் போகிறான், அவனுக்கு நல்லது கெட்டது சொல்ல உங்களில் யாராவது கூட இருங்கள், வாலிபர் கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்தாலே போதும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தம்பி ஆவியில் நிறைந்த பிள்ளை, அவருக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்க இருக்கிறது, நீங்கள் பிள்ளைக்காம்பராவைப் பாருங்கள் அம்மா என்றார். பார்த்தேன். வேறென்ன செய்ய?

ஐப்பசி மழையில் மேல் லயத்துப் பையனின் அப்பா இறந்தார். வெள்ளிக்கிழமை விடியலில் சாவுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. மறுநாள் அடக்கம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு வீட்டுக்காரர்கள் குழியில் மண்வெட்டி வைக்கக் கூடாது. குழி வெட்டுவது லயங்களில் இருக்கிற இளவட்டங்களின் வேலை. அதிலும் முதல் வெட்டை இறந்தவருடைய மகனின் நெருங்கிய கூட்டாளிதான் வெட்ட வேண்டும். மகன் அப்பாவின் பக்கத்தில் இருக்க, அவனுக்காக அவன் கூட்டாளி போய் மண்ணைத் திறந்து கொடுக்கிறான். வேதக்காரச் சாவு, இந்துச் சாவு என்ற பேச்சே கிடையாது. மயானமும் ஒரே சரிவுதான், இந்தப் பக்கம் சிலுவை, அந்தப் பக்கம் மண்மேடு. தம்பியின் அப்பா, என் சித்தப்பா இறந்தபோது முதல் வெட்டு வெட்டியவன் அந்த மேல் லயத்துப் பையன். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. தம்பியை என் மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் கோயிலில் எழுப்புதல் கூட்டம். டவுனிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். காலையிலிருந்து சாயந்தரம் வரை கூட்டம், பந்தல், மைக், எல்லாம் தடபுடல். வெள்ளிக்கிழமையே தம்பி குரூப்பில் கட்டளை போட்டுவிட்டான். கூட்டத்தை விட்டுவிட்டு வேறு சடங்குகளுக்குப் போகிறவர்கள் இந்த முறை கேரலில் பாட முடியாது. பையன்கள் படித்தார்கள். பதில் எழுத வழியில்லை. ஐயாவின் கட்டைவிரல் வந்து நின்றது.

நான் கூட்டத்துக்குப் போகவில்லை. சாவு வீட்டில் பெண்களோடு இருந்தேன், வருகிறவர்களுக்குப் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு. அந்தப் பையன் தன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நடுவில் எழுந்து வெளியே போனான். நல்ல மண்வெட்டி ஒன்றைப் பீலியில் விழுகிற தண்ணீரில் கழுவி, வாசல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தொடவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மழை விட்டபாடில்லை. பையனின் தாய்மாமன் நனைந்துகொண்டே மேலே ஏறிக் கோயிலுக்குப் போனார். வாசற்படியில் நின்றார். அவர் கால் சேறாக இருந்ததால் உள்ளே போகவில்லை. தம்பி மேடையில் கிட்டாரோடு நின்றான். ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினான், கூட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று. கூட்டம் முடிய சாயந்தரமாகும். அதுவரை பிணம் காத்திருக்குமா?

இதில் எனக்கு ஆறாத இடம் எது தெரியுமா? முன்வரிசையில் கமிட்டிப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். எதற்காக வந்து நிற்கிறார் என்று தம்பியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய அப்பன், ஆத்தாளுக்குக் குழி வெட்டியவர்கள் எல்லாம் அந்த மேல் லயத்து ஆட்கள்தான். ஒருவராவது எழுந்து மேடைக்குப் போய், தம்பி, கிட்டாரை வைத்துவிட்டுப் போய்வா என்று காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்டும் காணாமல் திரும்பிப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். தாய்மாமன் திரும்பி வந்து இதை வாசலில் வைத்துச் சொன்னபோது, நான் அந்தச் சபைக்காரி என்பதால் எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்கள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் இடுப்பு வலிக்காரரான அந்த மாமனே முதல் வெட்டை வெட்டினார். வேதக்காரப் பையன்கள் கோயிலுக்குள் இருந்ததால் கை குறைவு. வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வழக்கமான ஆழத்துக்கு வெட்ட முடியாமல் அவசர அவசரமாக முடித்தார்கள். பாடை புறப்படும்போதும் அந்தக் கழுவிய மண்வெட்டி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

மார்கழி பிறந்து கேரல் வந்தது. எங்கள் பக்கம் சிறுத்தைப் பயம் இருப்பதால் இருட்டுவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவோம். கேரல் என்றால் அது தோட்டத்துக்கே திருவிழா. எந்த வீட்டுக் கதவும் மூடியிராது. விபூதி பூசின வீட்டிலும் முறுக்கும் தேத்தண்ணியும் தயாராக இருக்கும், சின்னஞ்சிறுசுகள் டார்ச் லைட்டோடு பின்னாலேயே ஓடி வரும். அந்த வருஷம் எங்கள் லயத்தை முடித்துக்கொண்டு அடுத்த லயத்துக்குள் திரும்பினோம். கதவுகள் சாத்தியிருந்தன. யாரும் திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது. நாங்கள் பாடத் தொடங்கியதும் டிவிச் சத்தத்தைக் கூட்டினார்கள். அதற்கடுத்த லயத்திலும் அதே கதை. பின்னால் ஓடி வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தம்பி குரலை உயர்த்திப் பாடினான். பிறகு உடைந்த குரலில் பாடினான். மேல் லயத்துக்கு ஏறுகிற படியடியில் நின்றான். ஏற முடியவில்லை. கிட்டாரைக் கழற்றி ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் தனியாக வீட்டுக்குப் போய்விட்டான். கூடப் போகலாமா என்று பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரதர் அல்லவா, கூப்பிடாமல் எப்படிப் போவது? அந்த நேரம் கமிட்டிப் பெரியவர்கள் அவரவர் வீட்டில் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவன் வெளியே வரவில்லை. காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாடு இறங்கவில்லை, சித்தியோடும் பேச்சில்லை. நத்தார்ப் பண்டிகை ஆராதனைக்கு வந்த போதகர் ஐயாவிடம் கமிட்டிக்காரர்கள் புகார் சொன்னார்கள். யார்? அதே ஆட்கள்! பையன் சபையின் பெயரைக் கெடுத்துவிட்டான், லயத்தில் தலைகாட்ட முடியவில்லை என்றார்கள். ஐயா பெருமூச்சு விட்டு, வாலிப ரத்தம், பக்குவம் போதாது என்றார். தை மாதம் முதல் ஞாயிறு கமிட்டி கூடும், அன்றைக்குத் தம்பி வந்து சாவியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. பக்குவம் போதாது என்று கண்டுபிடிக்க இத்தனை மாதமா? பக்குவமில்லாத பிள்ளை கையில் சாவியைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனது யார்?

தம்பி அதற்குள் இன்னொரு முடிவு எடுத்திருந்தான். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படத் துணிப்பையைக் கட்டிவிட்டான். எங்கள் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. ஆனால் இவன் வேலைக்குப் போகவில்லை, ஓடிப் போகிறான். யாரோடும் பேசாத ஒரு பிள்ளை, யாரையும் தெரியாத ஊரில், கடைக்கு மேலே ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டால் அவனைத் திரும்பக் கொண்டுவருவது யார்? சித்தி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, என் பிள்ளை எனக்கு இல்லாமல் போய்விடுவான் போலிருக்கிறதே என்று அழுதாள். சபையில் சிலர் அவளுக்குச் சொன்ன ஆறுதல், கொழும்பில் நல்ல சபைகள் இருக்கின்றன என்பது. ஆளை விட்டால் போதும் என்கிறதை எவ்வளவு பக்தியாகச் சொல்கிறார்கள் பாருங்கள்!

சனிக்கிழமை காலை அவன் காம்பராக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திறந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பார்க்கச் சகிக்கவில்லை. அவனைத் திட்டுவதற்கென்றே சேர்த்து வைத்துக்கொண்டு போன வார்த்தைகளில் பாதியை விழுங்கிவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, ஏன்டா போகவில்லை அன்றைக்கு என்று மட்டும் கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போகணும்னுதான் இருந்துச்சுக்கா. போகலாமா கூடாதான்னு தெரியல. வெள்ளிக்கெழம ராவு வரைக்கும் ஐயாவுக்குப் போன் எடுத்தேன், அவர் எடுக்கல. அனுப்பின மெசேஜுக்கும் அந்தக் கைய மட்டும் போட்டாரு. நான் யார்கிட்டக்கா கேக்கிறது? என்கிட்ட பேச யார் இருக்காங்க?"

எனக்குத் தலையில் ஏறிவிட்டது. ஐயா மேல், கமிட்டி மேல், அந்தப் பயிற்சிக்காரர்கள் மேல், இவன் மேலும்தான். ஐயா போனை எடுக்காவிட்டால் உனக்குக் கால் இல்லையா, மேல் லயம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது, கேட்க ஆள் இல்லாமல் ஆக்கிக்கொண்டதில் உனக்குப் பங்கில்லையா என்று பொரிந்து தள்ளினேன். அவன் அழுதான். அழுது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு முகத்தைக் கழுவச் சொல்லி, மேல் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பையன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டுப் பிளப்பதை நிறுத்தவில்லை. அவன் அம்மா மட்டும் என்னை உட்காரச் சொன்னாள். தம்பி நின்றுகொண்டே இருந்தான். எப்போதும் பேசுகிறவள் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கட்டை பிளந்து விழுந்ததும் அவன் நிமிர்ந்தான்.

"மம்பட்டியக் கழுவி வாசல்ல வச்சிருந்தேன்" என்றான். "ஒங்கப்பாவுக்கு நான் வந்தப்ப, ஒங்க சாமியா எங்க சாமியான்னு பாத்துட்டா வந்தேன்?"

"இல்ல" என்றான் தம்பி. "நான் செஞ்சது பெரிய தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் இன்னொரு கட்டையை எடுத்து வைத்துப் பிளந்தான். அம்மாக்காரி உள்ளே போய்ச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, மூன்றாவதைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும் வரை அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னான். அப்பாவின் குழி ஆழம் பற்றாமல் போனதால் மழைக்கு மண் உள்வாங்கிவிட்டதாம். நாளைக் காலையில் மண் வெட்டிப் போட்டு மேடு கட்டப் போகிறானாம். சொல்லிவிட்டு விறகைப் பொறுக்க ஆரம்பித்தான். நாங்கள் எழுந்து படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வர்றதுன்னா வெள்ளென வா."

ஞாயிறு விடிந்தும் விடியாத நேரத்தில் தம்பி என் வாசலுக்கு வந்தான். பாதையில் அந்தப் பையன் மண் கிண்டுகிற அலவாங்கோடு நின்றான். தம்பியின் தோளில் மண்வெட்டி. கோயில் சாவியை என் கையில் கொடுத்து, ஐயாவிடம் கொடுத்துவிடச் சொன்னான். கொழும்புக்குப் போகிறாயா என்று கேட்டேன். முதலில் இதை முடித்துவிட்டு வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் போய்க் கோயிலைத் திறந்தேன். ஆராதனை முடிந்தது. கமிட்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. ஐயா நேரத்தைப் பார்த்தார். பிரதர் இன்னும் வரவில்லையா என்றார். சாவியை மேசையில் வைத்தேன். அவனுக்கு மயானத்தில் வேலை இருக்கிறது என்றேன். குடைக்காரப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. சபை கூப்பிட்டு வராமல் ஒரு பொம்பளையிடம் சாவியைக் கொடுத்தனுப்புவதா, இதுதான் பக்குவமில்லாத்தனம் என்றார். பரவாயில்லை, போகட்டும், கீபோர்ட் வாசிக்கிற பையன் நன்றாகப் பாடுகிறான், பொறுப்பை அவனிடம் கொடுப்போம் என்று இன்னொருவர் ஆரம்பித்தார். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது.

"குடுங்க" என்றேன். "ஆனா யார் அவன்கூட இருப்பீங்கன்னு மொதல்ல சொல்லிட்டுக் குடுங்க. வாலிபர் கூட்டத்துல யார் வந்து பின்னுக்கு ஒக்காருவீங்க? அவன் போன் எடுத்தா யார் எடுப்பீங்க? சாவு வீட்டுக்குப் போடான்னு யார் சொல்லுவீங்க?"

தனக்குப் பல தோட்டங்கள் இருக்கிறதே அம்மா என்று ஐயா மெல்லச் சொன்னார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. தெரியும் ஐயா, தெரிந்துதான் கேட்கிறேன், ஒரு போனை எடுத்துப் பேச எத்தனை தோட்டம் குறுக்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குடைக்காரப் பெரியவர் ஜெபத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். சாவி மேசையிலேயே கிடந்தது. எடுக்க ஒரு கை நீளவில்லை.

"சாவி இந்தா இருக்குங்கய்யா" என்றேன். "பிள்ளைய நாங்க வச்சுக்கிறோம்."

வெளியே வந்து, வீட்டில் ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணிப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மயானத்துச் சரிவுக்குப் போனேன். எங்கள் பக்கம் பெண்கள் அங்கே போவதில்லை. யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனேன். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் வரும்போதே அந்தப் பையனின் அதட்டல் கேட்டது.

"டேய், ஒனக்குக் கண்ணு தெரியாதா? அந்தப் பக்கம் மிதிக்காதடா. தள்ளி நில்லு."

தம்பி மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றான். முழங்கால் வரை சேறு. அந்தப் பையன் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, இப்படி வெட்டுடா என்று வெட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் தேயிலைச் செடிக்குள் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.